மாதிரி ரயிலும் டீசல் இஞ்சினும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்)



நமது சங்கக் கட்டடத்தின் பின்புற அறையை மாதிரி ரயில் அமைப்பதற்காக வாலிபர்களுக்கு ஒழித்துக் கொடுக்கலாமா என்னும் வினா அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திற்கு வர இருக்கின்றது. "பொம்மை வண்டி ஓட்டுவதற்கா சங்கத்தின் அறை?" என்று பெரியோர் சிலர் கேட்டதாக அறிந்தோம். கேட்டதிற் குற்றமில்லை. பொதுச் சொத்தின் விஷயத்தில் கேளாதிருப்பதே குற்றம். ஆதலின், நண்பர் சிலருடன் சேர்ந்து சில ஆண்டுகளாக இத் தொழிலிற் பொழுதைச் செலவிட்டவர்கள் என்ற முறையில், மாதிரி ரயில் என்பது யாது, அதனை அமைப்பது எங்ஙனம், அமைத்தபின் அதனைக் கொண்டு செய்வதுதான் என்ன என்பவற்றை யாம் அறிந்தவாறு கூறப் புகுகின்றோம். தீர்ப்பு உங்களுடையது.

முதற்கண், பொம்மை வேறு, மாதிரி வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். பொம்மை இஞ்சினுக்குச் சக்கரம் இருந்தாற் போதும்; அது எத்தனை பெரிது, எத்தனை சிறிது என்று எவரும் கேளார். மாதிரி என்பதோ கணக்கிற் பிறப்பது. உண்மை வண்டியின் நீளம், அகலம், உயரம், சன்னல், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி ஆகிய அனைத்தையும் ஒரே எண்ணால் வகுத்து வரும் அளவில் அமைத்தால்தான் அது மாதிரி. ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் 1891-ஆம் ஆண்டில் தண்டவாள அகலங்களுக்கு ஓர் ஒழுங்கு வகுத்து வெளியிட்டனர். அதன் பின்னரே ஓரிடத்து வண்டி மற்றோரிடத்துப் பாதையில் ஓடும் வழி திறந்தது. அமெரிக்காவில் 1935-ல் மாதிரி ரயிலார் தேசிய சங்கம் ஒன்று கூட்டிச் சக்கரத்திற்கும் பாதைக்கும் அளவு முறைகளை வகுத்தனர். இன்று உலகிற் பெரிதும் வழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. அதில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர்.

இவ்விடத்தில் நம் நாட்டவருக்கு ஒரு சிக்கல் எழுகின்றது. 16.5 என்பது மேனாட்டு நிலைப்பாதையாகிய 1,435 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்து வந்தது. நமது அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதனை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19.3 வரும். கடையிற் கிடைக்கும் பாதையின்மேல் நம் அகலப்பாதை இஞ்சினை வைத்தால், அது பருத்த மனிதர் ஒருவர் குழந்தையின் நாற்காலியில் அமர்ந்தது போலத் தோன்றும். உலகெங்கும் உள்ள இந்திய ரயில் அன்பர்களிற் பலர் இக்குறையைப் பொறுத்துக்கொண்டே ஓட்டுகின்றனர். அவர்களை யாம் குறை கூறோம். எமக்கு மட்டும் அது கண்ணை உறுத்திற்று.

மீட்டர் பாதையை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகின்றது. 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, கடையிற் கிடைப்பது 12. இந்த அரை மில்லிமீட்டர் வேற்றுமை எவர் கண்ணுக்கும் புலப்படாது. சுவிட்சர்லாந்து தேசத்தின் மலைப் பாதைகளில் மீட்டர் அளவுள்ளவை பல இருப்பதால், அவற்றின் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர்ப் பாதை அங்கே நெடுநாளாக விற்கப்படுகின்றது. இன்னுமொரு வசதி: 120-இல் ஒரு பங்காகிய டி.டி. என்னும் அளவுக்கும் பாதை அகலம் 12 மில்லிமீட்டரே. ஆகவே அவ்வளவில் விற்கும் ஆறு அச்சு டீசல் இஞ்சின் ஒன்றின் கீழ்ப்பாகத்தை வாங்கி, அதன்மேல் 87-இல் ஒரு பங்கான நம் நாட்டு மேற்கூட்டை அமைத்தல் கூடும். யாம் செய்தது அதுவே.

நிற்க. மீட்டர் பாதையைத் தெரிந்துகொண்டமைக்குக் கணக்கு மாத்திரம் காரணமன்று. தமிழ்நாட்டின் தென்பகுதி முழுவதும் ஒரு காலத்தில் மீட்டர் பாதையாகவே இருந்தது. எழும்பூரில் ஏறியவர் இராமேசுவரம் வரையில் அதே சிறு பாதையிற் சென்றார். நாடெங்கும் ஒரே அளவு என்னும் திட்டம் 1992-ல் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் அகலமாக்கப்பெற்றன. இராமேசுவரத்துப் பாதையும் 2007-ல் மாறிற்று. இன்று நம் நாட்டுப்புறத்தில் மீட்டர் பாதையைக் காண வேண்டுமாயின் நீலகிரிக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே குன்னூருக்கு மேலே, 25-க்கு 1 என்னும் ஏற்றத்தில், பல்சக்கரத்தின் உதவியின்றி வண்டியை இழுப்பது ஒய்.டி.எம்.4 என்னும் டீசல் இஞ்சின். எமது மாதிரியும் அதுவே.

அதன் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லும். ஒய் என்பது மீட்டர் பாதை. டி என்பது டீசல். எம் என்பது பிரயாணி வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொது. நான்கு என்பது வகை எண். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியார் வரைந்த அமைப்பு அது. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்து வந்து, பின்னர் வாரணாசித் தொழிற்சாலையிலும் கட்டப்பெற்றது. ஆறு சிலிண்டர், ஆறு அச்சு, எடை 72 டன், அஃதாவது அச்சு ஒன்றுக்கு 12 டன். நிற்கும்போது அது ஒரே சீராக ஒலியாது. குதிரை துள்ளி ஓடுவது போல விட்டுவிட்டு உறுமும். டிரைவர் பிடியை ஒரு படி உயர்த்தினால் முதலிற் கரும்புகை கக்கிப் பின்னரே வேகம் பிடிக்கும். இதனைக் கேட்டும் கண்டும் வளர்ந்தோர் இச்சபையில் பலர் இருக்கின்றனர். உங்கள் பேரப்பிள்ளைகள் அதனைக் கண்டிலர். டீசல் இஞ்சின்களைக் கட்டிய அந்த வாரணாசித் தொழிற்சாலையே இப்பொழுது மின்சார இஞ்சின்களைக் கட்டுகின்றது. அதன் பெயரிலிருந்த டீசல் என்னும் சொல்லும் 2020-ல் நீங்கிற்று. நீராவி இஞ்சினுக்கு இரங்கி எழுதினோர் பலர். டீசலுக்கு இரங்குவார் அருமை. அஃது அழகற்றது, பெட்டி போன்றது என்பர். அழகு ஒருபுறம் இருக்கட்டும். மாதிரி ரயில் அமைப்பவனுக்கு டீசலைப் போல் உதவி செய்யும் இஞ்சின் வேறில்லை என்பது எம் துணிபு.

அதன் காரணத்தைச் சற்று விரிப்போம். மாதிரி நீராவி இஞ்சினில் மோட்டாரை ஒளிக்க இடம் அரிது. வெளியே ஆடும் கம்பிகள் நுண்ணியவை. பின்னால் நிலக்கரித் தொட்டி வேறு. டீசல் மாதிரியிலோ நீண்ட கூட்டின் நடுவே மோட்டார் படுத்திருக்கும். அதன் அச்சின் இரு முனையிலும் பித்தளையாலான கனச்சக்கரம் ஒவ்வொன்று. அவற்றிலிருந்து இரு தண்டுகள் முன்னும் பின்னும் சென்று, திருகுப்பல் வழியாக இரண்டு போகிகளின் அச்சுக்களையும் சுழற்றும். பன்னிரண்டு சக்கரங்களும் இழுக்கும். பன்னிரண்டும் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தையும் பெறும். ஒரு சக்கரத்தின்கீழ்த் தூசி அகப்பட்டாலும் மற்றவை வேலை செய்யும். அக் கனச்சக்கரத்தின் பயன் யாதெனில், திருகுப்பல்லானது மோட்டார் நின்றவுடன் சக்கரங்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. கண்ணிமைப்பொழுது மின்சாரம் அற்றாலும் இஞ்சின் தடாலென்று நிற்கும். கனச்சக்கரம் சுழற்சியைச் சேமித்து வைத்து அந்த இமைப்பொழுதைத் தாண்டுவிக்கின்றது.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது கேட்பவர்க்கு வியப்பளிக்கும். நீளத்தை 87-ஆல் வகுத்தால், எடையை 87-ஆல் மும்முறை வகுக்க வேண்டும். ஏனெனில் நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைகின்றன. 72 டன்னை அங்ஙனம் வகுத்தால் ஏறக்குறைய 109 கிராம் வரும். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடை! அத்தனை இலேசான இஞ்சின் நான்கு பெட்டியையும் இழுக்காது. சக்கரங்கள் தண்டவாளத்தை அழுத்தமாகப் பற்றாது. மின்சாரமும் விட்டுவிட்டு வரும். ஆகவே கூட்டினுள் இடமுள்ள மட்டும் ஈயத்தை நிரப்பி எடையைப் பெருக்குதல் வழக்கம். உருவத்தைக் கணக்குப்படி குறைக்கலாம்; இயற்கையின் விதிகளைக் குறைக்க முடியாது. பௌதிகப் பாடத்தில் இதனைப் புத்தகத்திற் படித்த பிள்ளைக்கும், கையில் ஈயத்துண்டை வைத்துக்கொண்டு அறிந்த பிள்ளைக்கும் வேற்றுமை உண்டு.

மேற்கூட்டை யாம் பிளாஸ்டிக் தகட்டால் அமைத்தோம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள தகட்டைக் கத்தியாற் கீறி, மடித்து முறித்து, கரைப்பானால் ஒட்டுவது. கைப்பிடிக் கம்பிகள் பித்தளை. காற்று வாங்கும் சன்னலின் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டுவதற்கு ஒரு மாதம் சென்றது. இக்காலத்தில் இவற்றை யந்திரம் அடுக்கடுக்காக வார்த்துத் தருகின்றது, அதனையும் பயன்படுத்தலாம். ஆயினும் முதல் இஞ்சினைக் கையாற் செய்தல் நன்று என்போம். எம் குழுவில் ஈயப்பற்று வைப்பதிற் கைதேர்ந்தவர் ஒரு பெண்பிள்ளை. அவள் பற்று வைத்த கம்பி ஒன்றும் இதுவரையில் அற்றதில்லை. இவ்வறை வாலிபர்களுக்கு என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கின்றது. அச்சொல் ஆண்களை மட்டும் குறிப்பதன்று என்பதைக் குறிப்பேட்டிற் பதிவு செய்துகொள்ளுமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இனிப் பாதை. மரச்சட்டத்தின்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் ஒலியை அடக்கக் கார்க்குத் தகடு, அதன்மேல் பாதை, பக்கங்களிற் பொடித்துச் சலித்த கல்லை ஜல்லியாகத் தூவிப் பசை நீரால் நனைத்து இறுக்குதல். நம் ஊரில் இரண்டு பகைவர்: கறையான் ஒன்று, மழைக்காலத்து ஈரம் மற்றொன்று. முன்னதற்குக் கால்களைத் தரையிலிருந்து பிரித்து வைத்தலும், பின்னதற்குப் பலகையின் இருபுறமும் வர்ணம் பூசுதலும் இன்றியமையாதன. ஒருபுறம் மட்டும் பூசினால் பலகை வில்லாக வளையும். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்னும் உலோகத்தால் ஆகியது. பெயரில் வெள்ளி உண்டு. பொருளில் ஒரு குன்றிமணியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு அது. களிம்பேறினாலும் மின்சாரத்தைத் தடுக்காமை அதன் குணம். பித்தளைத் தண்டவாளத்தின் களிம்போ தடுத்துவிடும். எதுவாயினும் வாரம் ஒருமுறை சாராயச் சத்தாற் சக்கரங்களையும் பாதையையும் துடைத்தே ஆக வேண்டும்.

வளைவைப் பற்றி வாலிபர்கள் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மேசையின்மேல் வட்டமாகப் பாதை போட்டால் வண்டி ஓயாது சுற்றும் என்பது எவர்க்கும் முதலில் தோன்றும் ஆசை. உண்மை மீட்டர் பாதையில் மிகக் கடுமையான வளைவுக்கு 16 டிகிரி என்று வரம்பு; அதன் ஆரம் ஏறக்குறைய 109 மீட்டர். 87-ஆல் வகுத்தால் ஒன்றே கால் மீட்டர். ஆகவே உண்மைக்கு ஒத்த வட்டம் போட இரண்டரை மீட்டர் அகலமுள்ள மேசை வேண்டும். அகலப்பாதைக்கோ வரம்பு 175 மீட்டர். மேசை நான்கு மீட்டராகிவிடும். அத்தனை இடம் நம் வீடுகளில் இல்லை, இவ்வறையிலும் இல்லை. ஆதலால் வட்டத்தையே விட்டுவிடுமாறு சொல்கின்றோம். சுவரோரமாக, பன்னிரண்டு அடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பலகை போதும். அதில் ஒரு கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். மறுமுனையில், தடுப்புக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூன்று தடங்கள். அம்மூன்று தடங்களே எம் ரயிலுக்கு ஏனைய உலகம் முழுவதும். வண்டி அங்கிருந்து வரும். அங்கே போய் மறையும்.

எமது ஸ்டேஷனுக்கு இன்னும் ஊர்ப்பெயர் எழுதவில்லை. மஞ்சட்பலகை வெறுமையாக நிற்கின்றது. பார்க்க வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஸ்டேஷன்தான் இது என்று சாதிக்கின்றனர். அது அங்ஙனமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மின்சாரத்தை ஆளும் முறை இரண்டு. பழைய முறையில் தண்டவாளத்திற்கு 12 வோல்ட்டு வரையில் நேர்மின்சாரம் கொடுப்பார்கள். மின்னழுத்தம் ஏறினால் வேகம் ஏறும். திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கும். ஒரு பாதையில் இரண்டு இஞ்சின் நின்றால் இரண்டும் ஓடும். புதிய முறை டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனியார் வகுத்ததை அடிப்படையாகக் கொண்டு, முன் சொன்ன அமெரிக்கச் சங்கத்தார் 1990-களில் அதனைப் பொது விதியாக்கினர். இதிற் பாதையில் எப்பொழுதும் முழு மின்சாரமும் இருக்கும். அதனோடு கட்டளைகளும் மின் துடிப்புக்களாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இஞ்சினுள்ளும் ஒரு சிறு தகடு இருந்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடும். விலாசம் பார்த்துக் கடிதம் வாங்குவது போல என்க. புதிதாக வாங்கிய தகடு எதுவாயினும் அதன் எண் 3 என்றே இருக்கும். பின்னர் நாம் மாற்றிக்கொள்ளலாம். அத்தகட்டில் மூன்றாம் இலக்கக் கட்டத்தில் எழுதும் எண் வேகம் எத்தனை மெதுவாக ஏற வேண்டும் என்பதையும், நான்காம் இலக்கக் கட்டத்தில் எழுதுவது எத்தனை மெதுவாக இறங்க வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கும். உறுமலையும் ஊதலையும் எழுப்பும் தகடுகளும் உள. அவற்றை யாம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்திருக்கின்றோம்; மெதுவாக ஓடக் கல்லாத இஞ்சின் உறுமி என்ன பயன்?

மெது என்றோம். அதற்கும் கணக்கு உண்டு. ஷண்டிங் செய்யும் உண்மை இஞ்சின் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். அஃது 87-இல் ஒரு பங்காக, வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டரைக் கடக்க 21 வினாடி ஆகும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அஃது எத்தனை நீண்ட நேரம் என்பது விளங்கும். முதன்முறை பிடியைக் கையில் வாங்கும் எந்தப் பிள்ளையும் இதனைப் போல் நான்கு மடங்கு வேகத்தில்தான் ஓட்டும். இரண்டு வாரம் சென்ற பின்னர் அதே பிள்ளை, வண்டி வண்டியைத் தொடும்பொழுது ஓசை எழாமல் நிறுத்தக் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கின்றோம்.

இனிச் சொல்ல வருவதே எம் பேச்சின் உயிர்நிலை. மாதிரி ரயிலை அமைப்பது பாதி வேலை. அதனை ரயிலாக நடத்துவது மறுபாதி. அலமாரியில் நாற்பது இஞ்சின் வைத்திருப்போரும் உலகில் உளர். அவர்கள் இஞ்சின் சேகரிப்போர். யாம் சொல்வது ஓர் இஞ்சின், எட்டு வண்டி, நான்கு ஆள்.

தொடங்குவோர்க்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உண்டு. ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்தது. இங்கிள்நூக் என்று பெயர். மூன்று தடம். ஒன்றில் ஐந்து வண்டி நிற்கும்; ஏனைய இரண்டில் மும்மூன்று. இவை சேருமிடத்துக்கு அப்பாலுள்ள தலைத்தடத்தில் இஞ்சினும் மூன்று வண்டியும் மட்டுமே நிற்கலாம். வண்டிகள் மொத்தம் எட்டு. எட்டுச் சீட்டுக்களைக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வண்டிகளையும் நீண்ட தடத்திற் கோத்து நிறுத்த வேண்டும். வேறு விதியில்லை. நான்கைந்து அடிப் பலகையில் அடங்கும் இவ் விளையாட்டில் வரக்கூடிய வரிசைகள் எத்தனை என்று கணக்கிட்டால் 6,720. நாளுக்கு ஒன்றாக ஆடினாலும் பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். டீசல் இஞ்சின் முன்னும் பின்னும் ஒன்றுபோல் ஓடுவதால் இதற்கு மிகப் பொருந்தும். வண்டிகளைக் கையால் தொடலாகாது. அமெரிக்காவில் கீத், டேல் எட்வர்ட்ஸ் என்னும் சகோதரர்கள் அமைத்த காந்தக் கொக்கிகள் உள. பாதையின் நடுவே புதைத்த காந்தத்தின்மேல் நிறுத்திச் சற்றுத் தளர்த்தினால் அவை தாமே கழன்றுகொள்ளும்.

அடுத்த படி ஸ்டேஷன் வேலை. இங்கேதான் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நன்றி கூற வேண்டும். தம் பெயரைச் சொல்லலாகாது என்று கேட்டுக்கொண்டமையால் கார்டு ஐயா என்று மட்டும் குறிப்போம். மீட்டர் பாதையில் நெடுங்காலம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் எமது பலகையைப் பார்க்க வந்து, ஒன்றும் பேசாமல் அரைமணி அமர்ந்திருந்து, "குண்டு எங்கே?" என்று கேட்டார்.

குண்டு என்பது ஒற்றைப் பாதையின் உயிர். இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே ஒரே பாதை இருக்கும்பொழுது எதிரெதிராக இரண்டு வண்டி வாராமல் தடுப்பது எப்படி? நீல் என்பவர் பெயரால் வழங்கும் யந்திரம் ஒன்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கும். இரண்டும் கம்பியால் இணைந்தவை. இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் இசைந்தாலன்றி யந்திரம் உலோகக் குண்டை வெளியே விடாது. ஒரு குண்டு வெளியே இருக்குமளவும் மற்றொன்று எந்தப் பக்கத்திலும் வாராது. அக்குண்டைப் பையிலிட்டுப் பிரம்பு வளையத்திற் கோத்து டிரைவரிடம் நீட்டுவார்கள். குண்டு கையில் இருந்தால் பாதை அவருடையது. இல்லையேல் ஓரடியும் நகரலாகாது. கார்டு ஐயா மறுவாரம் சைக்கிள் கடையிலிருந்து ஓர் எஃகுக் குண்டும், தம் துணைவியார் தைத்த ஒரு சிறு பையும் கொண்டுவந்தார். அன்றுமுதல் எம் இஞ்சின் குண்டில்லாமல் ஓடியதில்லை.

அவர் கற்பித்தவை இன்னும் பல. வண்டி உள்ளே வந்தவுடன் ஸ்டேஷன் மாஸ்டர் இஞ்சினைப் பார்க்கலாகாது, கடைசி வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். அதன் பின்புறத்தில் எல்.வி. என்ற பலகை, இரவாயின் சிவப்பு விளக்கு, இருக்கின்றதா என்று கண்டபின்னரே வண்டி முழுமையாக வந்தது என்று கொள்ளலாம். நடுவழியிற் கொக்கி அறுந்து பாதி வண்டி பின்தங்கியிருந்தால், பாதை வெறுமை என்று சொல்லி அடுத்த வண்டியை விடுவது கொலைக்குச் சமம். டிரைவரும் உதவி டிரைவரும் கைகாட்டியின் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். நீண்ட கூடு முன்னே செல்லும்போது டிரைவருக்கு ஒரு பக்கம் மறைந்துவிடும் ஆதலின் மற்றவர் கண்ணே அவர்க்குக் கண். பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவர் பத்து அங்குலத்துக்கு அப்பால் உள்ள தீக்குச்சி அளவான கைகாட்டியைப் பார்த்து, "உள் கைகாட்டி இறங்கியது", "இறங்கியது" என்று மாறிமாறிச் சொல்லுவதைக் கேட்டு யாம் முதலிற் சிரித்ததுண்டு. கார்டு ஐயா சிரிக்கவில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு ஸ்டேஷனுக்கு இடையே எட்டு கிலோமீட்டர் என்றால் 87-இல் ஒரு பங்காக 92 மீட்டர் வேண்டும். அதற்குத் தெருவெல்லாம் பாதை போட வேண்டும். தூரத்தைச் சுருக்கிவிட்டு நேரத்தைச் சுருக்காவிட்டால் அட்டவணை பொருந்தாது. ஆகவே விரைவுக் கடிகாரம் என்று ஒன்றை வைத்துக்கொள்வது உலகெங்கும் வழக்கம். எம் கடிகாரம் நான்கு மடங்கு விரைவு. சுவரிற் கால்மணி கழிந்தால் அதில் ஒரு மணி கழியும். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரையில் ஒரு கிளைப்பாதை ஸ்டேஷனில் நடக்கும் வேலை முழுவதும் நான்கு மணி நேரத்தில் முடியும். கலப்பு வண்டி ஒன்று வரும். இஞ்சின் கழன்று, பக்கத்துத் தடத்தின் வழியே சுற்றிவந்து, மறுமுனையிற் கோத்துக்கொள்ளும். நடுவிலுள்ள எண்ணெய்த் தொட்டி வண்டியைப் பிரித்துக் கிட்டங்கித் தடத்திற் சேர்க்க வேண்டும். அங்கே ஏற்கனவே நிற்கும் நெல் வண்டி இரண்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கேட்டு மணி அடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர், கார்டு, மறைவுத் தடத்தைப் பார்ப்பவர் ஆகிய நால்வரும் அவரவர் வேலையை அவரவர் செய்தால்தான் ஒன்று நகரும். ஒருவர் குறுக்கே புகுந்து கையால் வண்டியைத் தூக்கினால் ஆட்டம் அன்றோடு கலைந்தது.

செலவைப் பற்றி நிர்வாக சபையார் கேட்பார்கள். மறைக்க வேண்டியதில்லை. மேனாட்டிலிருந்து வரும் நல்ல இஞ்சின் ஒன்றின் விலை, சுங்கமும் சேர, நல்ல சைக்கிள் ஒன்றின் விலையை எளிதிற் கடந்துவிடும். ஆதலினாலேயே ஒன்று போதும் என்கின்றோம். பலகையும் சட்டமும் நம் ஊர்த் தச்சுப் பட்டறையிற் கிடைக்கும். வண்டிகளைப் பிள்ளைகளே செய்வர். மரங்களுக்குத் தேங்காய் நாரும், புல்லுக்குச் சாயமிட்ட மரத்தூளும் போதியவை. சங்கத்திலிருந்து பணம் கேட்கவில்லை. எம் பலகையையும் இஞ்சினையும் பொதுவிற்குக் கொடுத்துவிடச் சம்மதிக்கின்றோம். அறையும், ஒரு மின்சார இணைப்பும், சாவி வைத்திருக்கப் பொறுப்புள்ள பெரியவர் ஒருவரும் வேண்டும்.

இன்னுமொன்று. மீட்டர் பாதையில் வேலை செய்தோர் நம்மவருள் இன்னும் சிலர் இருக்கின்றனர்: டிரைவர், பாயிண்ட்ஸ்மேன், பொன்மலைப் பட்டறையில் இருந்த பிட்டர். கார்டு ஐயாவுக்கு இப்பொழுது எண்பத்தொரு வயது. புத்தகத்தில் இல்லாதவை அவர்கள் கையில் இருக்கின்றன. கேட்பதற்கு ஒரு பலகையும், கேட்கப் பிள்ளைகளும் இருந்தால் அவர்கள் சொல்வார்கள். அறையைப் பற்றிய முடிவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். அடுத்த ஆண்டு வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

பலகையைப் பக்கத்துக் கூடத்தில் இன்று மாலைக்காக விரித்து வைத்திருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் நால்வர் நால்வராக வரலாம்; பெரியோர் முதலில். கடிகாரத்தில் ஆறு பத்துக்கு முதல் வண்டி புறப்படும். குண்டு கார்டு ஐயாவிடம் இருக்கின்றது.